"கேப் விடாம ஒட்டிப் போடுங்க" என்று கேட்கும் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னோடு நாலு பேர் இருக்கிறார்கள். இப்போது ஒரு மாடி வீட்டில் மேல்தள வேலை வந்திருக்கிறது. ஹால், இரண்டு பெட்ரூம், ஒரு பாத்ரூம் எல்லாம் சேர்த்து 900 சதுர அடி. பழைய மொசைக் தரை. வீட்டுக்காரர் சதுர அடி 62 ரூபாயில் நாலுக்கு ரெண்டு விட்ரிஃபைட் டைல்ஸ் பார்த்து வைத்துவிட்டார். கூலி 34 ரூபாய் சொன்னேன். இன்னொரு மேஸ்திரி 26க்கு வருகிறாராம். மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே போட வேண்டும், ஒட்டுவதற்கு அட்ஹெசிவ் வேண்டாம், தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் போதும், அழுக்கு சேரும் என்பதால் இடைவெளியே விடக் கூடாது, பாத்ரூமுக்கு வாட்டர்ப்ரூஃபிங் தேவையில்லை என்கிறார். எங்கள் பக்கம் அட்ஹெசிவ் மூட்டை 420, சிமெண்ட் 380. கீழ்வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. ஆவணியில் அவர் வீட்டில் விசேஷம், அதற்குள் முடிக்க வேண்டுமாம். முடியாது என்றால் வேலை போகிறது. சரி என்றால் ரெண்டு வருஷத்தில் என் பெயர் போகிறது. இந்த மாதிரி ஆட்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

தம்பி,

அவர் கேட்பவை நாலு. நாலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் 'ஒத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா' என்ற இடத்தில் வந்து நிற்கிறீர்கள். தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று உண்மையிலேயே நல்ல யோசனை. இரண்டில் அவருடைய கவலை நியாயம், அதற்கு அவர் பிடித்திருக்கும் வழிதான் தவறு. மிச்சம் ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் நீங்கள் எந்தக் காரணத்துக்காகவும் தலையாட்டக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுகிறவர் செலவைக் குறைக்கப் பார்ப்பது குற்றம் இல்லை. பலருக்கு அது கடன் வாங்கிய பணம், நகையை வைத்து எடுத்த பணம். எங்கே குறைத்தால் வீட்டுக்குக் கேடு, எங்கே குறைத்தால் ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர் அந்த இடத்தில் நீங்கள்தான். கண்ணுக்குத் தெரிகிற மேல்பரப்பில் குறைக்க எத்தனையோ வழி இருக்கிறது, டைலுக்கு அடியில் குறைக்க ஒன்றுகூட இல்லை. இதை அவருக்குக் கணக்கோடு காட்டுவதுதான் நீங்கள் கேட்ட 'சமாளிப்பது'.

மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே போடலாம் என்பதுதான் அந்த நல்ல யோசனை. மறுக்காதீர்கள். உடைத்தால் உடைக்கும் கூலி, கழிவை மாடியிலிருந்து இறக்கும் கூலி, வண்டி வாடகை, நாலைந்து நாள் தாமதம் எல்லாம் வரும். உடைத்த இடத்தில் புதிதாக இரண்டு அங்குலம் கலவை போட்டால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ எடை ஏறும். பழைய தரை மேல் மெல்லியதாகப் பசை (அட்ஹெசிவ்) தடவி ஒட்டினால் பசையும் டைலும் சேர்ந்தே 30 கிலோ சுற்றித்தான் வரும். மாடித் தளத்துக்கு அது பாரமே இல்லை.

ஆனால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு தரை முழுவதும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கலவை போட்டுச் சமன் செய்யுங்கள். மொசைக்கில் பல வருஷத்து மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கும். அதைக் கழுவி, பளபளப்பு போகும் அளவுக்கு மேல்பரப்பைச் சொரசொரப்பாக்குங்கள். அப்புறம் உயரம். டைலும் பசையும் சேர்ந்து தரை ஒன்றரை சென்டிமீட்டர் எழும்பும். எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டியிருக்கும். பாத்ரூம் வாசலில் மட்டம் மாறும். பலரும் மறந்துவிடுவது மாடிப்படியின் கடைசிப் படி. அந்த ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரமாகிவிடும், வயதானவர்கள் அங்கேதான் தடுக்கி விழுவார்கள். வேலை தொடங்கும் முன்பே இவற்றையெல்லாம் அவரிடம் காட்டிப் பேசிவிடுங்கள்.

இதைவிட மலிவான வழி ஒன்றும் இருக்கிறது, அதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த மொசைக் விரிசல் இல்லாமல் இருந்தால், மெஷின் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டாலே பெட்ரூம் தரை புதுசாகிவிடும். உங்களுக்குச் சதுர அடி குறையும்தான். ஆனால் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு யோசனை சொல்கிற ஆளை, அதற்குப் பிறகு 'முடியாது' என்று சொல்லும்போதும் வீட்டுக்காரர் நம்புவார்.

அடுத்தது சிமெண்ட் பால். விட்ரிஃபைட் டைல் தண்ணீர் குடிக்காது என்றே சொல்லலாம். அதன் நீர் உறிஞ்சும் தன்மை 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அந்த வகைக்கே இலக்கணம். சாதாரணச் சுவர் டைல் பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். நம் மூத்த மேஸ்திரிகள் டைலைத் தொட்டியில் ஊறப்போட்டுச் சிமெண்ட் பாலில் ஒட்டினார்கள் என்றால், அந்தக் காலத்து டைல் குடிக்கிற டைல். சிமெண்ட் அதன் நுண்துளைக்குள் போய் இறுகியது. விட்ரிஃபைடின் முதுகில் சிமெண்ட் போய்ப் பிடிக்க வழி இல்லை. கீழே இருப்பதும் பாலிஷ் போட்ட மொசைக். மேலும் பிடிப்பு இல்லை, கீழும் பிடிப்பு இல்லை. நடுவில் இருக்கும் சிமெண்ட் காய்ந்து தனித் தகடாக நின்றுவிடும். "எங்க அப்பா வீட்ல சிமெண்ட்லதானே போட்டாங்க, இன்னும் அசையல" என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். அவர் சொல்வது உண்மைதான், டைல்தான் வேறு என்று விளக்குங்கள்.

வாயால் விளக்குவதைவிட ஒட்டிக் காட்டுவது நல்லது. மாடி மூலையில் ஒரு துண்டு டைலைச் சிமெண்ட் பாலிலும் இன்னொன்றைப் பசையிலும் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் உளியையும் சுத்தியலையும் அவர் கையில் கொடுத்து இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

கணக்கையும் எழுதிக் காட்டுங்கள். பழைய தரையில் மேடுபள்ளம் இருக்கும் என்பதால் ஒரு மூட்டைக்கு 40 சதுர அடி என்று வையுங்கள். 900 சதுர அடிக்கு 23 மூட்டை, 9,660 ரூபாய். சிமெண்ட் பத்து மூட்டை என்று வைத்தால் 3,800. வித்தியாசம் 5,860 ரூபாய். டைல் விலை 55,800, உங்கள் கூலி 30,600. 86,400 ரூபாய் வேலையின் பிடிப்பை இந்த 5,860 ரூபாய்க்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். இதே மனிதர் சதுர அடிக்கு 15 ரூபாய் குறைந்த டைலை எடுத்தால் 13,500 ரூபாய் மிஞ்சும். பசையில் மிச்சம் பிடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தரையும் உறுதியாக இருக்கும்.

பசை வாங்கும்போது மூட்டையில் ஐ.எஸ். 15477 என்று இருக்கிறதா, பழைய தரை மேல் விட்ரிஃபைட் ஒட்ட உகந்த வகைதானா என்று பாருங்கள். சாதாரண சுவர் டைலுக்கான மலிவு வகை இதற்கு ஆகாது. உங்கள் ஆட்களையும் கவனியுங்கள். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து அமுக்கிவிட்டுப் போவது பல இடங்களில் நடக்கிறது. உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம் இருக்கும், பீரோவின் கால் அங்கே வந்து நின்றால் டைல் உடையும். நாலுக்கு ரெண்டு மாதிரி பெரிய டைலுக்குத் தரையிலும் பல் கரணையால் இழுக்க வேண்டும், டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். அவ்வப்போது ஒட்டிய ஒன்றை உடனே தூக்கிப் பார்த்தால் பசை எங்கெங்கே பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது இடைவெளி. வீட்டுக்காரர்கள் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்றால், தரை துடைக்கிறவர்கள் அந்தக் கறுப்புக் கோட்டோடு தினமும் போராடுகிறார்கள். அந்தக் கஷ்டம் நிஜம். அதனால் இந்தப் பேச்சை வீட்டில் தரை துடைக்கிறவரையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எங்கே கறை பிடிக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இடைவெளி விடாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள். 20 அடி ஹால் என்றால் 6 மீட்டர். தரையின் வெப்பம் 15 டிகிரி ஏறினால் அந்த 6 மீட்டர் டைல் வரிசை சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளும். கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் சுவரில் முட்டிக்கொண்டு இடையில் கொஞ்சமும் இடம் இல்லாதபோது அந்த நீளம் மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. நாலடி நீளமுள்ள இரண்டு டைல்கள் ஒன்றையொன்று முட்டி, கூரை போல் எழும்புகின்றன என்று வையுங்கள். 0.6 மில்லிமீட்டர் நெருக்கடி முழுவதும் அந்த ஒரு இடத்தில் சேர்ந்தால் அந்த முகடு ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரும். பித்தகோரஸ் கணக்குத்தான், காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நல்ல பிடிப்பு இருந்தால் பசை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். சிமெண்ட் பாலில் போட்டு இடைவெளியும் விடாத தரையை எதுவும் பிடித்துவைக்காது. ஒரு நாள் படாரென்று சத்தம் வரும், ஹால் நடுவே ஒரு வரிசை தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தச் சத்தத்தில் வீட்டில் உள்ளவர்கள் எவ்வளவு பயந்துபோகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்தக் கூர்மையான விளிம்பு ஆபத்தும்கூட.

அதனால் டைல்களுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் ஸ்பேசரை இரண்டு மில்லிமீட்டரில் போடுங்கள், சுவரோரம் ஐந்திலிருந்து எட்டு மில்லிமீட்டர் விடுங்கள். சுவரோர இடைவெளியைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மூடிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இடைவெளியில் கலவை விழுந்து அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்குக் கவலைக்கு மருந்து வேறு. இடைவெளியை நிரப்பும் கிரௌட்டின் நிறத்தை டைலைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை சிமெண்டை அடைத்துவிட்டுப் போகாதீர்கள், சீக்கிரமே கறுத்துவிடும். எப்பாக்சி கிரௌட் கறை பிடிக்காது, விலை அதிகம். வீடு முழுக்க முடியாது என்றால் எண்ணெயும் மஞ்சளும் சிந்துகிற இடங்களுக்கு மட்டும் போட்டால் போதும்.

பாத்ரூமுக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் அசையக் கூடாது. ஹாலில் ஒரு டைல் எழும்பினால் நஷ்டம் அவருக்கு, அதை மாற்றிவிடலாம். மாடி பாத்ரூமில் தண்ணீர் இறங்கினால் அது கீழே குடியிருக்கிறவர்களின் தலைக்கு மேல் வேலை செய்யும். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் பருமன் கூடும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து, பூச்சோடு சேர்த்துக் கீழே தள்ளும். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்காரரின் பணத்தில் எதைக் குறைப்பது என்று அவர் முடிவு செய்யலாம். கீழ்வீட்டுக்காரரின் பாதுகாப்பில் குறைக்க அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

டைல் போட்டாலே தண்ணீர் இறங்காது என்று பலர் நம்புகிறார்கள். டைல் வழியாக இறங்காது. இணைப்பு வழியாக இறங்கும், அதைவிட அதிகமாக, தரைத் தண்ணீர் வடியும் ட்ராப்பையும் பைப்பையும் சுற்றி இறங்கும். முதலில் அந்த இடங்களை அடையுங்கள். பிறகு இரண்டு வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங், ஒன்று நீளவாக்கில், அது காய்ந்த பின் இன்னொன்று குறுக்குவாக்கில். சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றுங்கள், ஷவர் பக்கம் ஆறடி. காய்ந்த பிறகு ட்ராப்பை அடைத்து, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள், முடிந்தால் 48 மணி நேரம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய் கூரையைப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால்தான் டைல். தரை வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் வைப்பது என் வழக்கம். ஹாலில் மிஞ்சிய பளபளப்பு டைலையே பாத்ரூம் தரைக்கும் போடச் சொல்வார்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும்.

பணம் இப்போது இல்லை என்று அவர் சொன்னால் பாத்ரூமை விட்டுவிடுங்கள். "அண்ணாச்சி, ஹாலையும் ரூமையும் இப்ப முடிச்சிருவோம். பாத்ரூம் பழையபடியே இருக்கட்டும், தை மாசம் கையில காசு வரும்போது ஒழுங்காச் செய்வோம்" என்று சொல்லுங்கள். பழைய பாத்ரூமை உடைக்காமல் அப்படியே விடுவது, உடைத்துவிட்டு அரைகுறையாகப் போடுவதைவிட மேல்.

வேறு எங்கெல்லாம் குறைக்கலாம் என்பதற்கு உங்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். நாலுக்கு ரெண்டுக்குப் பதில் ரெண்டுக்கு ரெண்டு போட்டால் வெட்டுச் சேதம் குறையும், பழைய தரையின் மேடுபள்ளத்துக்கும் அதுதான் பொருந்தும், கூலியையும் நீங்கள் கொஞ்சம் குறைக்கலாம். மூலைவிட்டமாகப் போடாமல் நேராகப் போட்டால் டைல் வீணாவது குறையும். பாத்ரூம் சுவரில் கூரை வரை டைல் வேண்டியதில்லை, ஏழடி போதும், மேலே பெயின்ட். சுவரோடு பதித்த அலமாரிக்கு அடியில் டைல் தேவையில்லை. ஸ்கர்ட்டிங்கை வெட்டுத் துண்டுகளிலிருந்தே எடுக்கலாம். கடையில் கடைசி இருப்பு என்று குறைந்த விலைக்குக் கிடைப்பதை வாங்கலாம், மொத்த அளவும் ஒரே பேட்ச், ஒரே ஷேடு எண்ணில் இருந்தால் மட்டும்.

26 ரூபாய் மேஸ்திரியைப் பற்றி. அவரைக் குறை சொல்லிப் பேசாதீர்கள். 34, 26 என்று இரண்டு எண்ணை மட்டும் கேட்டால் யாராக இருந்தாலும் 26ஐத்தான் எடுப்பார்கள். நீங்களும் ஒற்றை எண்ணைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், குறை அங்கே இருக்கிறது. ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள்: தரை தட்டிப் பார்த்துச் சரிசெய்வது, மேல்பரப்பைச் சொரசொரப்பாக்குவது, பல் கரணையால் முழுப் பசை, ஸ்பேசர், கிரௌட், ஸ்கர்ட்டிங் எத்தனை அடி, கதவு அறுப்பது, பாத்ரூம் கோட்டிங், தண்ணீர் கட்டிப் பார்ப்பது. எது கூலியில் சேரும், எது தனி என்று பக்கத்தில் குறியுங்கள். தாளை அவரிடம் கொடுத்து, "இதே கேள்விய அவர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்தவரும் இதையெல்லாம் 26க்குச் செய்வதாக இருந்தால் வேலை அவருக்கே போகட்டும்.

தாளை எழுதும் முன் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள். "மொத்தம் எவ்வளவு வச்சிருக்கீங்க அண்ணாச்சி? அதுக்குள்ள என்ன செய்யலாம்னு நான் சொல்றேன்." இதுவரை அவரிடம் எல்லோரும் ரேட்டைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். கையில் இருக்கும் தொகையைக் கேட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும்.

"அவர் சொன்னபடி செய்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா" என்று சிலர் யோசிப்பார்கள். எது செய்வது, எது செய்யாதது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது, பிற்பாடு மனத்தாங்கல் வராது. ஆனால் தவறென்று தெரிந்த வேலையைச் செய்ய அதை ஒரு அனுமதிச் சீட்டாக நினைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடும் அடங்கும். 'விவரம் தெரிந்த தொழிலாளி நீங்கள்தானே, ஏன் செய்தீர்கள்' என்ற கேள்வி உங்களை நோக்கித்தான் வரும். தெருவில் பேசுகிறவர்களிடம் அந்தத் தாளைக் காட்டிக்கொண்டிருக்கவும் முடியாது.

ஆவணி விசேஷத்துக்கும் இப்போதே நாள் கணக்கைச் சொல்லிவிடுங்கள். பசை இறுக ஒரு நாள் முழுதாக வேண்டும், அதுவரை கிரௌட் இல்லை, நடமாட்டம் இல்லை. பாத்ரூமில் கோட்டிங் காயும் நாள், தண்ணீர் கட்டும் நாள் தனி. நாள் போதாது என்றால் விருந்தாளிகள் வரும் ஹாலை முதலில் முடித்துக் கொடுங்கள், ரூம்கள் விசேஷத்துக்குப் பிறகு. அவசரத்தில் பீரோவை ஏற்றி ஈரப் பசை மேல் நிறுத்திவிட்டால் இத்தனை பாடும் வீண்.

எல்லாம் சொல்லியும் பாத்ரூமில் அவர் இறங்கி வரவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய உங்களுக்கு இது லேசான முடிவு இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரத்துக்கு வேறு சின்ன வேலை, ஒரு மாடிப்படி, ஒரு சமையல்கட்டுச் சுவர் கிடைக்குமா என்று இன்றைக்கே டைல்ஸ் கடைகளில் சொல்லி வைத்துவிட்டுப் பேசப் போங்கள். கையில் வேறு வேலை இருந்தால் நிதானமாகப் பேச வரும். விட்டு வரும்போது கோபமாக வராதீர்கள். "யார வச்சுச் செஞ்சாலும் பாத்ரூம்ல ஒரு நாள் தண்ணி கட்டிப் பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, கீழ ஆள் இருக்காங்க" என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை உங்களுக்கே வந்தால், டைல் வாங்கும்போது இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சில வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே ஷேடு கடையில் கிடைக்காது.